உடைந்த கண்ணாடியும் எரிந்த மரமும்

சேர்வராயன் மலைக் குறிப்புகள் – 11

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, வயிற்றுப் புரட்டல் அடங்கி, ஏரிப் பக்கம் நடக்கிறவர்கள் முதலில் வந்து நிற்பது ஒண்டிக்கடையில்தான். பெயரில் ஒரே ஒரு கடைதான் இருக்கிறது. இன்றைக்கு ரவுண்டானாவைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய வரை கடைதான். மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் விழும் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பஜ்ஜிக் கடைகளுக்கு எதிரே, சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு ஆயாவிடம் பட்டர் ஃப்ரூட் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சின்னத் துணிப் பையில் சாமை. மணி மணியாக, வெளிர் சாம்பல் நிறத்தில்.

"விதைக்கா ஆயா?" என்று கேட்டேன்.

"விதையை யாரு சாமி விப்பாங்க? அது தொம்பையில கெடக்குது. இது ஒலையில போடறதுக்கு."

மூங்கிலைப் பின்னி, சாணமும் மண்ணும் பூசிய தானியக் கூடைதான் தொம்பை. இந்தப் பதில் ஏன் எனக்கு அன்று முழுக்க மனசிலேயே நின்றது என்பதைச் சொல்ல இந்த இதழ் முழுக்க வேண்டியிருக்கும்.

சென்ற இரண்டு இதழ்களில் காபியைப் பார்த்தோம். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த செடி, காட்டைத் திருத்திய கதை, காய் பறித்த பெண்களின் கூலி. இந்த முறை ஒரு மலையாளிப் பெண்மணியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "எந்த ஊர் மலையாளி? மாரமங்கலமா, வெள்ளக்கடையா?" என்றார். ஏற்காட்டில் இது நியாயமான கேள்வி. இங்கே மலையாளி என்றால் மலையை ஆள்கிற, மலையில் வாழ்கிற பழங்குடி. காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஏறியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள். நான் சொன்னது கேரளத்து மலையாளி. தலச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று பிறந்த எடவலத்து கக்கட் ஜானகி அம்மாள்.

அவருக்கும் சேர்வராயன் மலைக்கும் என்ன? ஒண்டிக்கடையிலிருந்து சற்றுத் தள்ளி, இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. 1963இல் ஏற்படுத்தப்பட்டது, 18.4 ஹெக்டேர். டூரிஸ்டுகள் பாதி பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள், உள்ளே ஊஞ்சல் இல்லை என்பதால். உள்ளே போனால் ஒரு தொட்டியில் குடுவைச் செடி தொங்குகிறது. இலை நுனி நீண்டு, சொம்பு மாதிரி குழிந்து, மேலே ஒரு மூடி. பூச்சி வழுக்கி உள்ளே விழுந்தால் கதை முடிந்தது. நெப்பந்தஸ் காசியானா என்பது அதன் பெயர். காசி மலை என்றால் மேகாலயா. இந்த மலைக்கே உரிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரமும் இங்கே வளர்க்கப்படுகிறது. காசி மலைச் செடியும் சேர்வராயன் மலை மரமும் ஒரே வேலிக்குள் நிற்கக் காரணமான துறை, சுதந்திரத்துக்குப் பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதை எழுப்பி உட்காரவைக்க நேரு கூப்பிட்டு அனுப்பிய ஆள்தான் ஜானகி அம்மாள்.

ஆனால் கதையை நேருவிலிருந்து தொடங்கினால் இரண்டாம் உலகப் போரைத் தவறவிட்டுவிடுவோம்.

ஜானகியின் தந்தை சப் ஜட்ஜ். வடமலபார்ப் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். பிள்ளைகள் நிறைந்த வீடு. அக்காமாருக்குக் கல்யாணம் நடந்தது. இவருக்கும் முறைப் பையன் ஒருவரைப் பேசினார்கள். இவர் சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியிலும், பிறகு மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். தீயர் சமூகத்துப் பெண், கல்யாணம் ஆகாதவர், உயரமானவர், விஞ்ஞானி. அன்றைய இந்திய அரசு ஆய்வுக்கூடங்களில் இந்த நான்கில் ஒன்று இருந்தாலே முகம் சுளிப்பார்கள்.

1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. அந்த நிலையம் 1912இல் தொடங்கியது. வெப்பநாட்டுத் தடிக் கரும்பு தித்திக்கும், ஆனால் நோஞ்சான். வடநாட்டுக் குளிரில் நிற்காது. ஓடைக்கரையில் வளர்கிற நாணல், பேய்க்கரும்பு என்றும் சொல்வார்கள், தித்திக்காது. ஆனால் எதற்கும் அசையாது. இரண்டையும் சேர்த்துத்தான் கோ 205 என்ற ரகம் முன்பே வந்திருந்தது. அந்தக் கலப்பில் உள்ளே என்ன நடக்கிறது, நாணலுக்குள் எத்தனை குரோமோசோம், ஊருக்கு ஊர் ஏன் அந்தக் கணக்கு மாறுகிறது என்று பார்த்தவர் ஜானகி. கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து ஒரு செடியை முளைக்க வைத்தார். 1935இல் சி.வி.ராமனின் இந்திய அறிவியல் அகாடமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கோவையில் மட்டும் நிம்மதி இல்லை. சாதியும் பெண் என்பதும் சேர்ந்து அவரை ஓரங்கட்டின என்பதை அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிறார்கள்.

1939 ஆகஸ்ட். எடின்பரோவில் ஏழாவது உலக மரபியல் மாநாடு. ஜானகி போயிருந்தார். மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் ரஷ்யாவின் நிக்கோலாய் வாவிலோவ். அவரை ஸ்டாலின் அரசு அனுப்பவில்லை. மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாட்டுக்காரராக மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. ஜானகி ஊர் திரும்பவில்லை. லண்டனின் தென்மேற்கே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில், மரபியலாளர் சி.டி.டார்லிங்டனோடு வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து ஒரு அணிலை ஒளித்துக் கொண்டுபோய் அங்கே வளர்த்தார் என்றும், அதன் பெயர் கபோக் என்றும், அவருடைய உறவினரான எழுத்தாளர் கீதா டாக்டர் பதிவுசெய்திருக்கிறார். கபோக் என்றால் இலவம் பஞ்சு. குண்டு விழும் ஊரில் இலவம் பஞ்சு என்று பெயர் வைத்து அணில் வளர்த்தவரை எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டுவீச்சு தொடங்கியது. இரவில் சைரன் ஊதினால் ஜானகி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். விடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் போய், அலமாரியில் கிடக்கும் உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

வேலை என்ன? அதையும் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம். முளைவிட்ட செடியின் வேர் நுனியை மில்லிமீட்டர் கணக்கில் நறுக்க வேண்டும். சாராயமும் அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஊறப்போட்டு, வளர்ச்சியை அந்த நொடியோடு நிறுத்த வேண்டும். சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய மூடுகண்ணாடி போட்டுக் கட்டை விரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் கூடினால் கண்ணாடி உடையும். குறைந்தால் செல் பரவாது. பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, சிதறிக் கிடக்கும் குச்சிகளை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். நெல்லுக்கு 24. கேழ்வரகுக்கு 36. சாமைக்கும் 36. நம் மலையில் விளையும் அராபிகா காபிக்கு 44, கீழ்நாட்டு ரொபஸ்டாவுக்கு அதில் சரிபாதி, 22. இந்த மாதிரி உலகத்தில் மனிதன் பயிரிடும் செடிகளுக்கெல்லாம் கணக்கெடுத்துத் தொகுத்த புத்தகம்தான் டார்லிங்டனும் ஜானகி அம்மாளும் சேர்ந்து 1945இல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். ஜன்னல் கண்ணாடி உடைகிற ஊரில், மூடுகண்ணாடி உடையாமல் அழுத்திப் பார்த்த ஆறு வருஷத்து வேலை.

வாவிலோவ் என்ன ஆனார்? 1940இல் கைது செய்யப்பட்டார். 1943இல் சரத்தோவ் சிறையில் பட்டினியால் செத்தார். உலகம் முழுக்கச் சுற்றி அவர் சேர்த்த விதைகள் லெனின்கிராடில் இருந்தன. ஜெர்மன் படை நகரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு பட்டினி போட்டபோது, மூட்டை மூட்டையாக அரிசியும் வேர்க்கடலையும் கோதுமையும் இருந்த கட்டடத்துக்குள்ளேயே அவருடைய சகாக்கள் பலர், ஆணும் பெண்ணுமாகப் பசியில் மாண்டார்கள். விதை மூட்டையை அவிழ்க்கவில்லை. "விதையை யாரு சாமி விப்பாங்க?"

இனி நம் பக்கம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. பர்மாவிலிருந்து நடந்தே வந்த தமிழ்க் குடும்பங்களின் கதை எல்லோருக்கும் தெரியும். அரிசி வராததால் நடந்ததைப் பற்றிப் பேச்சு குறைவு. அடுத்த வருஷம் வங்கப் பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திருவிதாங்கூரிலும் மலபாரிலும் மரவள்ளிக் கிழங்குதான் உயிரைப் பிடித்துவைத்தது. அதிக உணவு உற்பத்தி இயக்கம் என்று ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. தரிசு என்று தாசில்தார் எழுதிவைத்திருந்த இடமெல்லாம் உழவுக்கு வந்தது. தாசில்தார் கண்ணுக்குத் தரிசாகத் தெரிந்தது மாட்டுக்கு மேய்ச்சல், பெண்களுக்கு விறகு, கீரை, கிழங்கு, மருந்து. போர் 1945இல் முடிந்தது. இயக்கம் முடியவில்லை, சுதந்திர இந்தியா அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பக்கம் உண்டு. மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் போரில் நின்றுபோகவே, 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியார் போன்றவர்கள் மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். நாம் நோன்புக்கும் கல்யாணத்துக்கும் காய்ச்சும் பாயசத்தில் இரண்டாம் உலகப் போர் மிதக்கிறது என்று சொன்னால் வீட்டில் திட்டுகிறார்கள், உண்மை அதுதான். அப்புறம் அந்த மரவள்ளி சமவெளியோடு நிற்கவில்லை. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். கிழங்குக்கு நிலம் வேண்டும். நமக்குப் பக்கத்து மலையான கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் வருஷத்துக்கு வருஷம் மரவள்ளிக்குப் போனதை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கேயே இருந்து பதிவுசெய்திருக்கிறார்கள். கிழங்கு விற்ற காசு ஆம்பிளை கைக்கு வந்தது. தொம்பை காலியானது பெண் கையில்.

ஜானகி அம்மாள் போர் முடிந்த பிறகு சில வருஷம் விஸ்லியில், ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் இருந்தார். அந்தச் சங்கம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட முதல் பெண் விஞ்ஞானி அவர்தான். மக்னோலியா நாற்றுகளின் நுனியில் கால்ச்சிசின் தடவி, குரோமோசோமை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். கால்ச்சிசின் என்றால் ஏதோ சீமை மருந்து என்று நினைக்க வேண்டாம். நம் செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கிற அதே விஷம். அவர் வளர்த்த மக்னோலியா ஒன்று அவர் பெயரிலேயே இன்றும் விஸ்லியில் பூக்கிறது.

1951இல் நேரு அழைக்க, இந்தியா திரும்பினார். தாவர மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் தனி அதிகாரி. நம் நாட்டுச் செடிகளின் மாதிரிகள் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலும் லண்டன் மியூசியத்திலும் கிடக்க, நாம் நம் காட்டைத் தெரிந்துகொள்ளக் கப்பல் ஏற வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய ஆத்திரம். துறையின் தலைமை கடைசியில் அவருக்கு வரவில்லை. 1954இல் ஸ்பெயினில் பிறந்த சேசு சபைப் பாதிரியார் சாந்தாபாவுக்குப் போனது. பெரிய தாவரவியலாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் கியூவின் வழியிலேயே போகிறவர் என்பது ஜானகியின் மனக்குறை. அதை டார்லிங்டனுக்கு எழுதினார். டார்லிங்டனுக்கு எழுதிய கடிதங்கள் இல்லையென்றால் இந்த அம்மாளின் உள்மனம் நமக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது. அந்தப் பதவிச் சண்டையை இதற்கு மேல் கிளற எனக்கு விருப்பமில்லை. அதே ஆண்டு அந்தத் துறைக்குள் அவர் முன்முயற்சியில் தொடங்கிய இனத்தாவரவியல், அதாவது எந்தச் செடியை எந்தச் சனம் எதற்குப் பயன்படுத்துகிறது என்று ஊர் ஊராகப் போய்க் கேட்கும் வேலை, அந்த நாற்காலியைவிட நீண்ட நாள் நின்றது.

கடிதங்களில் ஒன்றில்தான் அந்த மரம் வருகிறது. மக்னோலியா கிரிஃபித்தி. அன்றைய அசாமின் ஒரு பகுதியில் ஒரே ஒரு மரம்தான் மிச்சம் என்று கேள்விப்பட்டு, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போகிறார். போய்ப் பார்த்தால் மரம் இல்லை. எரித்திருந்தார்கள். சாகுபடிக்கு இடம் தேடிய அதிக உணவு உற்பத்திக் காலம் அது.

லண்டனில் ஆறு வருஷம் குண்டுக்கு நடுவே இருந்தவர் அந்த நாட்களைச் சிரித்துக்கொண்டேதான் நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி உடைந்தால் துடைத்துவிட்டு உட்காரலாம், வேறு கண்ணாடி போடலாம். ஷில்லாங் மலையில் எரிந்துபோன மரத்துக்கு அப்படி ஒரு காரியமும் செய்ய முடியாது. எந்தப் படையும் அங்கே வரவில்லை, எந்த விமானமும் பறக்கவில்லை. ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்தது. என் கணக்கில், கரும்புக்காரியாக இருந்த ஜானகி காட்டுக்காரியாக மாறிய இடம் அந்த 37ஆவது மைல்தான்.

1955 ஜூனில் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஒரு கருத்தரங்கு. பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்பதுதான் பொருள். கார்ல் சாவர், லூயிஸ் மம்ஃபோர்ட் போன்ற பெரிய தலைகள். சுமார் எழுபது பேர் கூடியதில் அழைக்கப்பட்டிருந்த ஒரே பெண் ஜானகி அம்மாள். ஹிரோஷிமா முடிந்து பத்து வருஷம். கூட்டத்தில் அணுசக்தியும் மக்கள்தொகையும் பேசப்பட்டன. இவர் எழுந்து இந்தியாவின் வாழ்வாதாரப் பொருளாதாரத்தைப் பேசினார். வயிற்றுக்குப் பயிரிடும் சனம், சந்தைக்குப் பயிரிடும் சனம் அல்ல. பழங்குடிகள் வளர்க்கும் நாட்டுச் செடிகள், தாய்வழிச் சமூகங்களில் சொத்துக்கும் தோட்டத்துக்கும் பெண் பொறுப்பாக இருந்த முறை, தானியத்தை மட்டும் மலை மலையாகக் குவிக்கும் வேகத்தில் இவை அழிவது. காசி மலைச் சனத்தின் தாய்வழி முறையை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வடமலபார் தீயர்களுக்கும் மருமக்கத்தாயம்தான். அந்தக் கட்டுரை அடுத்த ஆண்டு 1,100 பக்கத்துக்கு மேற்பட்ட தொகுதியில் அச்சாகி, நூலகங்களில் தூங்கியது.

பிரான்ஸில் பிரான்சுவாஸ் தொபோன் சூழலியல் பெண்ணியம் என்ற சொல்லை உருவாக்கியது 1974இல். அதே ஆண்டு மார்ச்சில் இமயமலை ரேணி கிராமத்தில் கௌரா தேவியும் ஊர்ப் பெண்களும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 1988இல் வந்தனா சிவா தன் புத்தகத்தில், இயற்கையை அடக்குகிற அறிவும் பெண்ணை அடக்குகிற அறிவும் ஒன்றே என்று எழுதினார். வெடிமருந்துக்கும் உரத்துக்கும் நைட்ரஜன் ஆலை ஒன்றுதான். போரில் பேனை ஒழித்த டிடிடிதான் போர் முடிந்ததும் வயலுக்கு வந்தது. டிடிடியின் கதையை ரேச்சல் கார்சன் 1962இலேயே உலகத்துக்கு உரக்கச் சொல்லிவிட்டார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஜானகி அம்மாள் என்று மாலை போட எனக்கும் கை அரிக்கிறது. போடுவதற்கு முன் இரண்டு விஷயம்.

ஒன்று, அவர் தன்னை எந்தப் பெயராலும் அழைத்துக்கொள்ளவில்லை. சர்க்கரைத் தொழிலுக்கு உழைத்தவர். டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்திலும் கொஞ்ச காலம் இருந்தவர். இரண்டு, பெண் என்றாலே இயற்கைக்கு நெருக்கம் என்ற பேச்சில் பெரிய ஓட்டை இருக்கிறது. பொருளியல் அறிஞர் பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரையில் அதைத் தொட்டுக் காட்டினார்: பெண்ணுக்குக் காடு தெரிகிறது என்றால் பிறவி காரணமல்ல, விறகு சுமப்பது அவள், எந்த வேலை, எந்தச் சொத்து, எந்த வர்க்கம் என்று பார்க்க வேண்டும். இதற்குச் சாட்சி சாமையே. சாமையைக் குத்தி உமி நீக்குவது மாதிரி முதுகொடிக்கும் வேலை வேறில்லை. கொல்லிமலைப் பெண்கள் சிலர் சாமை போனதற்கு வருத்தப்பட்டார்கள், உரல் போனதற்கு வருத்தப்படவில்லை. அரவை மிஷின் ஊருக்குள் வந்த பிறகுதான் சாமையைத் திரும்பப் போடும் பேச்சு சூடுபிடித்தது. தொம்பையைப் பாடுகிறவர்கள் உலக்கையையும் ஒரு முறை பிடித்துப் பார்க்க வேண்டும்.

போரும் பெண் அறிஞரும் என்றால் தமிழருக்கு இன்னொரு முகமும் நினைவுக்கு வந்தே தீரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம. 1987இல் இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்த நாட்களில் பெண்களுக்கு நேர்ந்ததை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர். எந்தத் துப்பாக்கிக்கும் சலுகை காட்டாத எழுத்து. சகாக்கள் மூவரோடு சேர்ந்து எழுதிய நூலின் பெயர் முறிந்த பனை. 1989 செப்டம்பர் 21, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. பனை அங்கே வெறும் உவமை அல்ல. பங்கருக்குக் கூரை போட வெட்டப்பட்ட மரம் அது. நுங்கும் ஒடியலும் பாயும் பெட்டியுமாக எத்தனையோ பெண்களின் கைவேலை அது. ஜானகியையும் ராஜினியையும் ஒரே தட்டில் வைப்பது பொருத்தமில்லைதான். ஒருவர் செல்லுக்குள் இருப்பதை எண்ணினார், மற்றவர் தெருவில் விழுந்ததை எண்ணினார். இரண்டு பேரும் சைரனுக்கு நடுவே எண்ணிக்கையை விடவில்லை.

ஜானகியின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் களஆய்வுக்கூடத்தில் வந்து குடியேறினார். இன்று பாலத்துக்கு மேலும் கீழும் லாரி உறுமும் மதுரவாயல், அன்று நகரத்துக்கு வெளியே. மூலிகைத் தோட்டம், பூனைகள், நுண்ணோக்கி. அப்போதுதான் பாலக்காட்டு மலையில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டம் சூடாகிறது. அமைதிப் பள்ளத்தாக்கில் சுமார் 830 ஹெக்டேர் மழைக்காடு தண்ணீருக்குள் போகும். கவிஞர் சுகதகுமாரி பாட்டெழுதினார், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் கணக்குப் போட்டுத் திட்டத்தைக் கேள்வி கேட்டது, சாலிம் அலி பேசினார். எண்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஜானகி அம்மாள் தனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தார். அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணப் போகிறேன் என்று எழுதிவிட்டுக் கிளம்பினார். காட்டை மூழ்கடிப்பதற்கு முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7, மதுரவாயல் ஆய்வுக்கூடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 15இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆர்க்கிட் தோட்டத்திலிருந்து நான் திரும்பும்போது மணி நாலு. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. மலைப்பாதையில் இறங்கும்போது கீழே வெள்ளை வெள்ளையாகத் தெரியும் மேக்னசைட் கரடு அன்று தெரியாது என்று டிரைவர் சொன்னார். உருக்காலை உலைக்குச் செங்கல் செய்யத் தோண்டிய அந்தக் குழிகளும், இந்த மலையின் தலையிலேயே கை வைத்த பாக்சைட்டும் அடுத்த இதழுக்கு.

ஒண்டிக்கடையில் ஆயா சாக்கை உதறிக்கொண்டிருந்தார். துணிப் பையில் மிச்சமிருந்த சாமையை நானே வாங்கிக்கொண்டேன். அளந்து போட்டு, மேலே ஒரு பிடி கொசுறும் போட்டார். விதைச் சாமை கொஞ்சம் கிடைக்குமா, வீட்டுத் தொட்டியில் போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

"தொட்டியிலயா?" என்று சிரித்தார். "மழை எறங்கட்டும், ஊருக்கு வா கண்ணு. ஆனா எங்கிட்டக் கேக்காத. தொம்பை இப்ப மருமவ பொறுப்பு. அவ குடுத்தாத்தான்."

(தொடரும்)